கீழவையில் யார் இருப்பது?

கோல்டிங்
23 பெப்ரவரி 2025

அன்புள்ள பெரியப்பா,

இங்கே நான், அம்மா, அப்பா மூவரும் சுகம். பனி நேற்றுத்தான் கரைந்தது. உங்கள் கண் எப்படி இருக்கிறது? பெரியம்மாவின் சுகத்தையும் எழுதுங்கள்.

கடித உறையைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். ஃபோன் அடித்தால் பெரியம்மாதான் எடுக்கிறார். "அவர் இனி ஃபோனைத் தொடமாட்டாராம் பிள்ளை" என்கிறார். எனக்கும் ஃபோனில் கதைக்க வராது. நான் ஒரு வசனத்தை யோசித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் மூன்று விஷயம் தாண்டிப் போய்விடுவார்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் கடமை. இந்த மாதம் எட்டாம் திகதி புரொண்பியில் எட்டு ஊர்ச் சங்கங்களும் கூடி, டென்மார்க் தமிழருக்கு ஒரே ஒன்றியம் என்று முடிவெடுத்தபோது நீங்களும் இருந்தீர்கள். அரசறிவியல் படிக்கிற பிள்ளை, வாய் திறக்காது, நன்றாக எழுதும் என்று சொல்லி, ஒன்றியத்தின் விதிகளான யாப்பை எழுதும் செயலாளராக என்னைப் பிடித்துப் போட்டார்கள். யாப்பு ஜூன் ஐந்தாம் திகதி, இந்த நாட்டின் அரசியலமைப்பு நாளன்றே நிறைவேற வேண்டுமாம். தடையாக நிற்பது ஒரே கேள்வி. ஒன்றியத்தின் அவையில் எந்த ஊருக்கு எத்தனை இடம்? ஆட்தொகைப்படி என்கிறது இக்காஸ்ட். எல்லா ஊருக்கும் சமமாக என்கிறது கோல்டிங். இக்காஸ்டுக்காக நீங்கள் பேசினீர்கள், கோல்டிங்குக்காக உங்கள் தம்பி, என் அப்பா.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. உங்கள் இக்காஸ்ட் மைக்கல் மாமாவுக்கென்று நீங்கள் பேசிய எட்டு நிமிடக் குரல் செய்தி, தவறி, நானூறு பேர் இருக்கும் ஃபோன் குழுவுக்குப் போய்விட்டது. "கோல்டிங் என்ன ஊரே? எல்லாரையும் ஒரு பஸ்ஸுக்குள்ள ஏத்தலாம். அதில றைவர் சீற்றில இருந்துகொண்டு என்ர தம்பி எனக்குச் சமனாம்!"

அது வந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். தட்டைக் கழுவி வைத்தார். இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பிரச்சினை.

ஜூனில் என் ஆய்வேட்டுப் பரீட்சை. இருபத்தெட்டாம் திகதி வீட்டில் ஒரு மதிய விருந்து. நம் இரண்டு குடும்பத்திலும் இதுதான் முதல் பட்டம். அன்று நீங்களும் அப்பாவும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். யாப்பு எப்படிப் போனாலும் எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
மேனுஜா


இக்காஸ்ட்
4 மார்ச் 2025

யாப்புச் செயலாளர் செல்வி மேனுஜா நித்தியானந்தன் அவர்கட்கு,

மேலே உள்ளது உன் கோப்புக்கு. மிகுதி உனக்கு.

அன்பு மகளே, நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு வலது கண்ணில் புரை. ஏப்ரல் கடைசியில் எடுக்கிறார்களாம். பெரியம்மாவுக்கு என்னைத் தவிர வேறு வருத்தம் எதுவும் இல்லை.

நீ கடிதம் எழுதியது நல்லது. கடிதம் தவறிப் போனாலும் ஒரு வீட்டுக்குத்தான் போகும், நானூறு வீட்டுக்குப் போகாது. இனி ஒன்றியத்தைப் பற்றி எதுவென்றாலும் காகிதத்தில் மட்டும்.

இப்போது விஷயம். இக்காஸ்டில் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பம். கோல்டிங்கில் முப்பத்தெட்டு. விளையாட்டுப் போட்டிக்குக் கதிரை அடுக்குவது யார்? நாங்கள். மழைக்குள் கூடாரம் பிடுங்குவது யார்? நாங்கள். வாக்கென்று வந்தால் மட்டும் சமனோ? ஆளுக்கு ஆள் எண்ணு. எண்ணத் தெரிந்த பிள்ளைதானே நீ.

இருபத்தெட்டாம் திகதியைப் பற்றி இப்போது சொல்ல முடியாது. கண் எப்படி வருகிறதென்று பார்ப்போம்.

உங்கள் வீட்டுக் கார் இன்னும் கறகறவென்று சத்தம் போடுகிறதா? தைப்பொங்கலுக்கு வந்தபோது கேட்டது. அடியில் ஒரு தகடு தளர்ந்திருக்கும்.

வே. பூபாலசிங்கம்
(பெரியப்பா)


கோல்டிங்
16 மார்ச் 2025

அன்புள்ள பெரியப்பா,

நாங்கள் மூவரும் சுகம். பெரியம்மாவின் வருத்தம் குறையாது என்று தெரியும், ஆகவே உங்கள் கண்ணை மட்டும் விசாரிக்கிறேன்.

"ஆளுக்கு ஆள் எண்ணு" என்று எழுதியிருந்தீர்கள். என் ஆய்வேடே இதைப் பற்றியதுதான். 1787ஆம் ஆண்டு, பிலடெல்பியா. புதிதாகப் பிறந்த அமெரிக்காவுக்கு யாப்பு எழுத மாநிலங்களின் ஆட்கள் கூடினார்கள். கோடை வெயில். வெளியே ஒரு சொல்லும் போகக் கூடாதென்று சன்னல்களைப் பூட்டிவிட்டார்கள். (அவர்களிடமும் ஃபோன் இருக்கவில்லை.) வேர்ஜீனியா பெரிய மாநிலம். ஆட்தொகைப்படி இடம் வேண்டும் என்றது. டெலவெயர் மிகச் சிறியது. சமமாக இல்லாவிட்டால் எழும்பிப் போவோம் என்றது. வாரக்கணக்கில் சண்டை. ஒருவர் வெளிநாட்டாருடன் சேர்ந்துகொள்வோம் என்றுகூட வெருட்டினார்.

கடைசியில் கனெக்டிகட் ஆட்கள் கொண்டுவந்த யோசனைதான் நின்றது. ஒரு சபைக்குப் பதிலாக இரண்டு சபை. ஒன்றில் ஆட்தொகைப்படி இடம். மற்றதில் எல்லா மாநிலத்துக்கும் சமம். இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் சட்டம்.

எனக்குப் பிடித்த இடம் வாக்கெடுப்புத்தான். எங்களைப் போலவே அங்கும் ஊருக்கு ஒரு வாக்கு, அதை அந்த ஊரின் ஆட்கள் தங்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மாசச்சூசெட்ஸ் பெரிய மாநிலம். அதன் நான்கு பேரில் இருவர் ஓம் என்றார்கள், இருவர் இல்லை என்றார்கள். அங்கும் எங்களைப் போலவே பிளந்த வாக்கு கணக்கில் வராது. ஐந்துக்கு நான்கு என்று உடன்பாடு நிறைவேறியது. ஒரு பெரிய மாநிலம் இரண்டாகப் பிளந்ததால்தான் ஒரு நாடு ஒன்றாக நின்றது என்று எழுதினேன். பேராசிரியர் ஓரத்தில் ஒரு சரி அடையாளம் போட்டிருந்தார். ஐந்து வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன மிக நீளமான பாராட்டு அது.

பணிவன்புடன்,
மேனுஜா

பி.கு.: உங்கள் நலம் விசாரிப்பில் ஒரு ஆள் குறைகிறது. எழுத்துப் பிழை என்று எடுத்துக்கொண்டேன்.


இக்காஸ்ட்
30 மார்ச் 2025

செயலாளர் அவர்கட்கு,

நீயும் அம்மாவும் சுகமோ? இம்முறையும் எழுத்துப் பிழை இல்லை.

இரண்டு சபை யோசனை கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டிலும் இரண்டு சபை இருந்து, 1953இல் ஒன்றை மூடிப்போட்டார்கள் என்று இங்கே மொழிப் பள்ளிக்கூடத்தில் எனக்கே படிப்பித்தார்கள். நீ அதை எழுதாமல் விட்டது எதேச்சையோ, கெட்டித்தனமோ?

ஒரு சந்தேகம். அந்த இரண்டுக்கு இரண்டாய்ப் பிளந்த மாநிலத்து ஆட்கள் ஊருக்குத் திரும்பிப் போனபோது யாராவது அவர்களை ஏசினார்களா? புத்தகத்தில் இருந்தால் எழுது. அவசரம் இல்லை.

கார்?

வே. பூபாலசிங்கம்


கோல்டிங்
28 ஏப்ரல் 2025

அன்புள்ள பெரியப்பா,

கண் வெட்டு நல்லபடி முடிந்ததாகப் பெரியம்மா சொன்னார். குனியாதீர்கள், பாரம் தூக்காதீர்கள், இந்தக் கடிதத்தையும் அவரைக் கொண்டே வாசிப்பியுங்கள். இங்கே மூவரும் சுகம், ஆனால் வெட்கத்தோடு சுகம்.

நேற்று முன்தினக் கூட்டத்துக்கு உங்களால் வர முடியவில்லை. மைக்கல் மாமா தன் பாட்டுக்குச் சொல்லியிருப்பார். நடந்ததை நடந்தபடி எழுதுவது செயலாளரின் வேலை.

கோல்டிங் மண்டபத்தில் நான் பலகையில் எழுதினேன். மேலவை: ஊருக்கு இரண்டு இடம். கீழவை: நூறு ஆளுக்கு ஒரு இடம். நான் படித்த தமிழ்ப் புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவில் முதலில் கூடிய கட்டடத்தில் ஒரு சபை மேல்மாடியிலும் மற்றது கீழேயும் இருந்ததாம், அதைத் தவிர அதில் வேறு அர்த்தமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

மைக்கல் மாமா எழும்பினார். "பொறும் பிள்ளை. இக்காஸ்டுக்கு எதில கூட இடம்?"

"கீழவையில, மாமா."

"கோல்டிங்குக்கு?"

"மேலவையில... எல்லாருக்கும் சமன்."

"அப்ப கோல்டிங் மேல, நாங்கள் கீழ?"

"அது சும்மா ஒரு பேர், மாமா."

"சும்மா பேரெண்டால் நீங்கள் கீழ இருங்கோவன்! ஆருக்குச் சொல்லுறியள் கீழ் எண்டு?"

தலைமை தாங்கிய புரொண்பி அந்தோனிமுத்து ஐயா இரண்டு கையையும் தூக்கினார். "கோவிக்காதேங்கோ. வீட்டுக்கு அத்திவாரம் கீழதானே இருக்கு?"

"அப்ப புரொண்பி அத்திவாரமாய் இருக்கட்டும்!"

இக்காஸ்ட் ஆட்கள் தங்கள் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் மேல்தட்டுக்கு ஏறிவிட்டார்கள். அது நத்தார்ப் பண்டிகை அலங்காரம் வைக்கும் இடம், கூரை தலையில் முட்டும். காகித நட்சத்திரங்களுக்கு நடுவில் எல்லோரும் கழுத்தை வளைத்துக்கொண்டு இருந்தார்கள். "நாங்கள் மேல வந்திட்டம். இனிக் கதையுங்கோ!" என்று மாமா கத்தினார். அவர்களோடு ஏறிய நிறோஷினி அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு நட்சத்திரத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்தார்.

சிரிப்பு இதோடு முடிகிறது. பிறகு ஆட்களை எப்படி எண்ணுவது என்று வந்தது. அப்பா எழும்பினார். "இக்காஸ்ட்காரர் கூட்டத்துக்கே வராத பிள்ளையளையும் சேர்த்து எண்ணிக் காட்டினம். இஞ்ச பிறந்து, தமிழில கேட்டால் டெனிஷில பதில் சொல்லுற பிள்ளையளை அரை ஆளாய் எண்ணுவம். அதுதான் நியாயம்."

சிறிய ஊர்கள் கைதட்டின. அம்மா அப்பாவின் கையைக் கிள்ளினார். அப்பாவுக்கு விளங்கவில்லை. நான் குனிந்து "இங்கே பிறந்தோர்: அரை" என்று வரைவில் எழுதினேன்.

பிலடெல்பியாவிலும் இப்படி ஒரு கணக்கு இருந்தது. அடிமைகளாக வைத்திருந்த மனிதர்களை ஐந்தில் மூன்று பங்கு என்று எண்ணி இடம் வாங்கினார்கள். அந்த மனிதர்களுக்கு வாக்கு இல்லை. என் சின்ன மனவருத்தத்தை அதன் பக்கத்தில் வைக்க மாட்டேன். ஆனாலும் ஒரு ஆளைப் பின்னமாக எழுதும்போது பேனா எப்படி நிற்கிறது என்று நேற்று முன்தினம்தான் தெரிந்தது.

மாசச்சூசெட்ஸ் ஆட்களை யாராவது ஏசினார்களா என்று தேடினேன். அகப்படவில்லை. இரண்டுக்கு இரண்டு என்றால் அந்த ஊரில் தோற்றவரும் இல்லையே.

கார் இன்னும் சத்தம் போடுகிறது. கராஜுக்குக் கொண்டுபோகச் சொல்லி அம்மா மூன்று தரம் சொல்லிவிட்டார். அப்பா "பாப்பம்" என்கிறார்.

அன்புடன்,
மேனுஜா


இக்காஸ்ட்
6 மே 2025

மேனுஜா,

எழுத்து பெரிதாக இருப்பதற்குக் கண் காரணமில்லை. கோபம்.

நீயும் அம்மாவும் சுகமாக இருங்கள்.

அரை ஆளோ? உன்னையோ? நீ பிறந்த அன்று பனியில் தெரு மூடி, உன் அப்பன் தொழிற்சாலையில் மாட்டுப்பட்டு நின்றான். ஆஸ்பத்திரியில் உன்னை முதலில் கையில் வாங்கினவன் நான். மூன்று கிலோ நானூறு கிராம். தாதி தராசைக் காட்டினாள், நான் என் கண்ணால் பார்த்தேன். அரையாகத் தெரியவில்லை. அவனிடம் போய்க் கேள், மகளை எந்தத் தராசில் நிறுத்தான் என்று!

கீழவையைப் பற்றி: மைக்கல் மேல்தட்டுக்கு ஏறியது சரி. நானாக இருந்தால் கூரைக்கே ஏறியிருப்பேன். பெயரை மாற்று.

பெரியப்பா


கோல்டிங்
14 மே 2025

அன்புள்ள பெரியப்பா,

சுகம் மூவருக்கும். உங்கள் கோபத்துக்கு நன்றி. அதை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்.

ஒன்றைக் கவனித்தேன். முதலில் நீங்கள் எழுதிய இரண்டு கடிதத்திலும் அப்பா இல்லை. மூன்றாவதில் வந்துவிட்டார். ஏச்சு வாங்கத்தான் வந்தார் என்றாலும் வந்துவிட்டார்.

அரை என்ற கணக்கைப் பற்றி அப்பாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. காலையில் எனக்குத் தேநீர் ஊற்றித் தருகிறார். முழுக் கோப்பைதான் தருகிறார்.

ஒரு உதவி. சிறிய ஊர்களும் பெரிய ஊர்களும் சமமாக இருக்கும் அவைக்கு நீங்கள் ஒரு பெயர் தாருங்கள். மேல், கீழ் இரண்டும் வேண்டாம். உங்களுக்குப் பிடிக்காத அவை அது என்று தெரியும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். ஆட்தொகை அவைக்கு வேறொருவரிடம் பெயர் கேட்டிருக்கிறேன். யாரென்று இப்போது சொல்லமாட்டேன்.

ஜூன் ஐந்தாம் திகதி யாப்பு முழுவதையும் மேடையில் நானே வாசிக்க வேண்டுமாம். பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடமும் பின்வரிசையில் இருந்தவள் நான்.

மேனுஜா


இக்காஸ்ட்
24 மே 2025

அன்பு மகளே,

நீயும் அம்மாவும் சுகமோ? வீட்டில் மற்றப்படி எல்லாம் ஒழுங்கோ?

பெயர்: ஊரவை.

காரணமும் எழுதுகிறேன். ஒரு தமிழனைக் கண்டால் முதலில் "எந்த ஊர்?" என்று கேட்கிறோம். எவராவது ஆட்தொகை சொல்கிறாரா? பெயரைத்தான் சொல்கிறார். ஊர் என்ற சொல்லுக்குள் சின்னது பெரியது கிடையாது. இதைச் சொன்னது நான் என்று யாருக்கும் சொல்லாதே.

என் வாக்கு எதிர்தான். நான் சொன்னதை நானூறு பேர் கேட்டிருக்கிறார்கள். இப்போது மாறினால் இக்காஸ்டில் கடைக்குக்கூடப் போக முடியாது. கோல்டிங் பஸ்ஸில் எனக்கும் ஒரு சீற் இருக்கோ என்று மைக்கலே கேட்பான்.

இக்காஸ்டுக்காக வாக்குப் போடும் எங்கள் நான்கு பேரில் அந்தோனிதாசன் இத்தாலிக்கு மகளிடம் போகிறாராம். நானும் மைக்கலும் நிறோஷினியும் மிச்சம். நாலாவதாகப் பெரியம்மாவின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். காரில் ஒரு இடம் சும்மா இருந்தது.

மேடையில் பயம் வந்தால் என்னைப் பார்க்காதே. நான் முகத்தைக் கடுமையாக வைத்திருப்பேன்.

பெரியப்பா


கோல்டிங்
7 ஜூன் 2025

அன்புள்ள பெரியப்பா,

மூவரும் சுகம். ஒருத்தி மட்டும் இரண்டு நாளாக நித்திரையிலும் சிரிக்கிறாள் என்று அம்மா சொல்கிறார்.

வாக்கு முடிந்ததும் சாப்பிடாமலே புறப்பட்டுவிட்டீர்கள். அப்பா உங்களுக்கென்று வடை எடுத்துவைத்த தட்டோடு வெளியே வந்தபோது உங்கள் கார் சந்தியில் திரும்பிக்கொண்டிருந்தது. நீங்கள் முன்வரிசையில் இருந்ததால் மேடையில் நின்றவளுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரிந்திராது. அதனால் எழுதுகிறேன்.

நான் உங்களைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்து வாசித்தேன். பதினோராம் பிரிவுவரை தடங்கல் இல்லை. பன்னிரண்டில் "இங்கே பிறந்தோர்" என்று வாசித்துவிட்டு நிறுத்திவிட்டேன். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று நான் முன்பே நினைத்திருக்கவில்லை. சொல் வரவில்லை, அவ்வளவுதான்.

"வாசியுங்கோ பிள்ளை" என்றார் அந்தோனிமுத்து ஐயா.

"ஏலாது."

"என்ன ஏலாது? எழுத்து விளங்கேல்லையோ?"

"விளங்குது. என்ர எழுத்துத்தான். நான் எழுதின யாப்பில என்னையே அரை ஆளாய் வாசிக்க ஏலாது ஐயா. நான் பிறக்கேக்குள்ளயே மூண்டு கிலோ நானூறு கிராம். முழு ஆள்."

ஒலிவாங்கியில் அந்த நானூறு கிராம் இவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதலில் நிறோஷினி அக்கா கைதட்டினார். பிறகு பின்வரிசைப் பிள்ளைகள் எழும்பி வாயில் விரலை வைத்துச் சீக்காய் அடித்தார்கள். ஒருவன் "Tre komma fire!", மூன்று தசம் நான்கு, என்று டெனிஷில் கத்தினான். அப்பா எழும்பி, "என்ர திருத்தத்தை நான் திருப்பி எடுக்கிறன். நான் ஒரு விசரன்" என்றார். இதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த நிறை யாருக்குத் தெரியுமோ அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். உங்கள் பிடரியை.

பெயர்களை வாசித்ததும் மைக்கல் மாமா எழும்பியது உங்களுக்கும் கேட்டிருக்கும். "ஊரவை, சரி. மற்றது என்ன சொன்னனீர்? ஆளவையோ? ஆள் அவையோ, ஆளுற அவையோ?"

"ரெண்டும்தான் மாமா."

"அப்ப சரி! ஊரை அவை வைச்சிருக்கட்டும், நாங்கள் ஆளுறம்!" என்று இருந்தார். ஆனாலும் வாக்கெடுப்பில் எதிராகக் கை தூக்கினார். "பேர் வேற, வாக்கு வேற" என்றாராம்.

மற்ற ஏழு ஊர்களில் நான்கு ஓம், மூன்று இல்லை. இக்காஸ்ட் இல்லை என்றால் நாலுக்கு நாலு, யாப்பு விழுந்திருக்கும். நீங்களும் மைக்கல் மாமாவும் இல்லை. பெரியம்மாவும் நிறோஷினி அக்காவும் ஓம். இரண்டுக்கு இரண்டு. கணக்கில் வராது. நாலுக்கு மூன்று.

இனி நான் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். ஆளவை என்ற பெயர் அப்பா தந்தது. "பெரிய ஊர்க்காரர் கோவிக்காமல் தலை நிமிர்ந்து இருக்கிற மாதிரி ஒரு பேர் சொல்லுங்கோ" என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார். "ஆளவை எண்டு வை. அண்ணைக்குப் பிடிக்கும்."

அண்ணை என்ற சொல்லைப் பெப்ரவரிக்குப் பிறகு எங்கள் வீட்டில் அன்றுதான் கேட்டேன். அவருடைய அவைக்கு நீங்கள் பெயர் வைத்தீர்கள், உங்களுடையதுக்கு அவர் வைத்தார். ஊரவை உங்களுடையது என்று அவருக்கு நேற்றுத்தான் சொன்னேன். எழும்பிப் போய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டார். மழை பெய்துகொண்டிருந்தது.

இருபத்தெட்டாம் திகதி மதியம் பன்னிரண்டு மணி. வருவீர்களா?

மேனுஜா


இக்காஸ்ட்
16 ஜூன் 2025

அன்பான மேனு,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். நான் கடிதம் எழுதி எத்தனையோ காலம், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தைப் பெரியப்பா நாலு தரம் வாசித்தார். நாலாம் தரம் கண்ணாடி போடாமல் வாசித்தார், அப்படியென்றால் வாசிக்கவில்லை, சும்மா கையில் வைத்திருந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை கடையில் அந்தோனிதாசனைக் கண்டேன். "இத்தாலிப் பயணம் எப்பிடி?" என்று கேட்டேன். "எந்த இத்தாலி? உங்கட மனுசன்தானே, நீர் இந்த முறை வரத் தேவையில்லை, வீட்டில நில்லும் எண்டவர்" என்றார். வீட்டுக்கு வந்து கேட்டால் இந்த மனுசன் பேப்பருக்குள் முகத்தைப் புதைக்கிறது.

அன்று காரில் போகும்போது என்னிடம் கேட்டார். "நான் இல்லை எண்டுதான் போடுவன், தெரியுமெல்லோ?" "தெரியும்" என்றேன். "அப்ப நீர் உம்மட பாட்டில போடும்" என்றார். நாற்பது வருடத்தில் என்னை என் பாட்டில் விட்டது அன்றுதான். ஏன் என்று இப்போது விளங்குகிறது. இவருக்கு யாரோ ஒரு பிளந்த ஊரின் கதையை எழுதியிருக்கிறார்கள்.

உனக்கு எழுதிய பதிலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அலைகிறார். எங்கள் தெருவின் சிவப்புத் தபால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். "பெட்டி இல்லாமல் எப்படிப் போடுறது?" என்கிறார். ஸ்டேசனடியில் இன்னொன்று நிற்கிறது, அது அவருக்கும் தெரியும். நாளைக்கு நானே கூட்டிக்கொண்டு போகப்போகிறேன்.

பரீட்சைக்கு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போ.

பெரியம்மா சரோஜினிதேவி


இக்காஸ்ட்
11 ஜூன் 2025
(பெட்டியில் போட்டது 17)

அன்பு மகளே,

நீயும் அம்மாவும் நித்தியும் சுகமோ?

எழுத்துப் பிழை இல்லை.

வருகிறோம். ஸ்பனர் பெட்டியும் வரும். கோல்டிங் சனம் முழுவதும் விருந்துக்கு வருமென்றால் சொல், நான் பஸ் பிடித்து வருகிறேன்.

பெரியப்பா


கோல்டிங்
6 ஜூலை 2025

அன்புள்ள பெரியப்பா, பெரியம்மா,

இங்கே மூன்று பேரும் சுகம். அங்கே இரண்டு பேரும் அப்படியே இருக்க வேண்டும். பெரியப்பா, நீங்கள் இப்போது ஒவ்வொரு நாளும் அப்பாவோடு ஃபோனில் கதைக்கிறீர்கள், அதனால் கடிதத்துக்கு அவசியமில்லை என்று அம்மா சொல்கிறார். ஆனால் நீங்களும் அப்பாவும் அறியாமல் நான் பார்த்த ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை ஃபோனில் சொல்ல எனக்கு வராது.

அன்று உங்கள் கார் வந்து நின்றபோது நான் மேல்மாடி அறையில் சேலை மடிப்போடு போராடிக்கொண்டிருந்தேன். சன்னல் திறந்திருந்தது. பெரியம்மா சோற்றுப் பெட்டியோடு நேரே குசினிக்குள் போய்விட்டார். அப்பா வாசலில் நின்றார். பெரியப்பா, நீங்கள் வேலிப் படலையில் நின்றீர்கள். இடையில் எங்கள் பழைய கார். நான் மடிப்பை விட்டுவிட்டுச் சன்னலடிக்கு வந்தேன்.

"ஸ்ராட் பண்ணு பாப்பம்" என்றீர்கள்.

அப்பா திறப்பைப் போட்டுத் திருகினார். கறகற, கறகற.

"தகடு இன்னும் பூட்டேல்லையோ?"

"இல்லை."

"அஞ்சு மாசமாய்! கோல்டிங்கில ஒரு கராஜும் இல்லையே?"

"இருக்கு. நீங்கள் வந்து பாப்பியள் எண்டு விட்டனான், அண்ணை."

நீங்கள் விருந்துக்கென்று போட்டுவந்த புதுச் சேட்டைக் கழற்றி வேலியில் போட்டீர்கள். பனியனோடு காருக்கு அடியில் புகுந்தீர்கள். அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மற்றப் பக்கத்தால் புகுந்தார். பிறகு வெளியே தெரிந்தது நான்கு கால்கள்தான்.

"லைற்றைப் பிடியடா."

"பிடிச்சிருக்கிறன்."

"என்ர கண்ணுக்குள்ள பிடிக்கிறாய். தகட்டில பிடி. பஸ் றைவர் எண்டால் இது தெரியவேணுமே?"

முதலில் யார் சிரித்தது என்று எனக்குத் தெரியாது. குலுங்கியது கார்.

அம்மா கீழேயிருந்து, "மேனு, சாப்பாடு ஆறுது, அவையளைக் கூப்பிடு!" என்றார். நான் கூப்பிடவில்லை. தோட்டத்து மேசையில் பட்டதாரிக்கென்று வைத்த சின்ன டெனிஷ் கொடிகள் காற்றில் விழுந்து எழும்பின. சோறு ஆறட்டும் என்று நின்றேன்.

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. ஆகவே எழுதி வைக்கிறேன். ஜூன் இருபத்தெட்டாம் திகதி, மதியம் பன்னிரண்டு பத்து. மேலவையில் நான் ஒருத்தி. கீழவையில் நீங்கள் இருவர், முதுகு தரையில் பட, கையெல்லாம் கறுப்பு எண்ணெய். கீழே இருக்கிறோமே என்று ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

உங்கள்,
மேனுஜா நித்தியானந்தன்
செயலாளர்